மேடு ஏறாத ஓட்டோ: ரிங்ஸ் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கடந்த மாதம் பொகவந்தலாவைப் பகுதித் தோட்டமொன்றில் நாம் வீடு வீடாகச் சென்றபோது, ஒரு லயத்தின் கோடியில் பழைய ஓட்டோ ஒன்று படங்கால் மூடி நிறுத்தப்பட்டிருந்தது. அந்த வீட்டு அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஈ.பி.எப். காசில் பெரும் பகுதி அந்த வண்டிக்குப் போயிருக்கிறது. "மூணு மாசத்துக்குள்ள ரெண்டு தடவ ரிங்ஸ் போட்டாச்சுங்க ஐயா. இப்ப தனி ஆள ஏத்திக்கிட்டே மேட்டுல நின்னுருது. பழைய இரும்புக்குக் குடுத்துறலாமான்னு மகன் கேக்குறான்" என்று சொன்னார். பிள்ளை பெறப் போகும் பெண்ணை இராத்திரியில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதும் அந்த வண்டிதான் என்று பக்கத்து வீட்டார் சேர்த்துச் சொன்னார்கள்.

இப்படி நிற்கும் வண்டிகள் நமது பகுதியில் இது ஒன்று மட்டுமல்ல. டூ-ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி 2008ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. ஆகவே இப்போது ஓடிக்கொண்டிருக்கும் எந்த டூ-ஸ்ட்ரோக் ஓட்டோவும் பதினேழு வருடத்துக்குக் குறைந்ததல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மொத்தமாக நிறுத்தப்பட்டபோது பழைய வண்டிகளின் விலையும் ஏறிவிட்டது. 2022இல் பெற்றோல் இல்லாமல் வாரக்கணக்கில் மழையிலும் பனியிலும் நின்ற வண்டிகளில், சிலிண்டருக்குள்ளேயே துரு பிடித்தவையும் உண்டு. 2025இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட போதிலும் புது வண்டி வாங்கும் வசதி நமது குடும்பங்கள் பலவற்றுக்குக் கிடையாது. இருப்பதைச் சரியாகச் செய்து ஓட்டுவதுதான் வழி.

நாம் மெக்கானிக் அல்ல. ஆனால் ஸ்டோரில் பிட்டராக இருந்து இளைப்பாறிய பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போய், அந்த வண்டியின் எஞ்சினைக் கழற்றிப் பார்க்கும்போது பக்கத்தில் இருந்தோம். அவர் காட்டியதையும், பின்னர் விசாரித்து அறிந்துகொண்டதையும் இங்கே எழுதுகின்றோம். வண்டி வைத்திருப்பவர்கள் தாமே கழற்ற வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. கராஜில் பாஸ் என்ன செய்கிறார் என்பது விளங்கினால், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதும் விளங்கும்.

சைக்கிள் பம்ப் போலத்தான்

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை விளங்கிக்கொள்ள சைக்கிள் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். பம்பின் உள்ளே இருக்கும் தோல் வாஷர் தேய்ந்துவிட்டால் எவ்வளவு அடித்தாலும் காற்று பக்கவாட்டில் கசிந்துபோகும், டயர் ஏறாது. எஞ்சினில் தோல் வாஷர் செய்கிற வேலையைப் பிஸ்டனும் அதைச் சுற்றியுள்ள ரிங்ஸும் செய்கின்றன. பிஸ்டன் மேலே வரும்போது பெற்றோலும் காற்றும் கலந்த ஆவி ஹெட்டுக்குள் இறுக்கப்படுகிறது. இதைத்தான் கம்ப்ரஷன் என்கிறார்கள். பிளக் நெருப்புப் பொறி கொடுத்ததும் அது வெடித்துப் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இறுக்கம் குறைந்தால் வெடிப்பின் பலமும் குறையும். நேர் ரோட்டில் இது அவ்வளவாகத் தெரியாது. நோர்வூட் பக்கம் போய்வரும் வரை வண்டி நன்றாக இருப்பது போலவே இருக்கும். தோட்டத்து ரோட்டில் திரும்பி முதல் மேட்டைப் பிடித்தவுடன்தான் குட்டு வெளிப்படும்.

டூ-ஸ்ட்ரோக்குக்கு இன்னொரு குணம் உண்டு. நாலு-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒயில் தனியாகக் கீழே நிற்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. பெற்றோலோடு கலந்து வரும் டூ-டி ஒயில்தான் பிஸ்டனுக்கும், ரிங்ஸுக்கும், கீழே உள்ள கிராங் பெயரிங்குக்கும் வழுவழுப்புக் கொடுக்கிறது. பெற்றோல் போகாவிட்டால் ஒயிலும் போகாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கழற்றுவதற்கு முன்

பெரியவர் வந்ததும் ஸ்பெனரை எடுக்கவில்லை. முதலில் ஸ்டார்ட் லீவரை மெதுவாக இழுத்துப் பார்த்தார். நல்ல எஞ்சினில் ஒரு இடத்தில் கைக்கு எதிர்ப்புக் கிடைக்கும், அதைத் தாண்டினால் இலகுவாகும். இந்த வண்டியில் எதிர்ப்பே இல்லை, வெண்ணெயில் கத்தி போன மாதிரி இருந்தது. அதன் பிறகும் அவர் மற்றவற்றைப் பார்த்துவிட்டுத்தான் எஞ்சினுக்குப் போனார். இழுவை இல்லாமைக்குக் காரணம் எப்போதும் ரிங்ஸ் அல்ல என்பது அவர் சொன்ன முதல் பாடம். பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கலாம். கிளச் வழுக்கலாம். எயார் பில்ட்டர் தூசியால் அடைத்திருக்கலாம். புகை வெளியேறும் வாயும் சைலன்சரும் கரி பிடித்துச் சுருங்கியிருக்கலாம். அளவுக்கு மேல் ஒயில் கலக்கும் வண்டிகளில் கரி அடைப்பு மிகவும் சகஜம். கரியைச் சுரண்டி எடுத்த உடனேயே பாய்ந்து ஓடிய வண்டிகளைத் தாம் கண்டிருப்பதாக அவர் சொன்னார். அரை நாள் வேலைக்குப் பதிலாகப் புது பிஸ்டன் வாங்கிப் போட்டால் அது வீண் செலவுதானே.

பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். முனை இளம் கபில நிறமாக, பால் கலக்காத லேசான சாயத்தேநீர் போல இருந்தால் நல்லது. வெள்ளை வெளேரென்று இருந்தால் எஞ்சின் அளவுக்கு மேல் சூடாகிறது, எங்கேயோ காற்றுக் கசிவு இருக்கலாம். கருப்பாக ஒயில் ஒட்டியிருந்தால் கலவை கூடுதல்.

கழற்றும்போது

எஞ்சினைத் திறக்கும் முன்னர் வெளியே இருக்கும் சேறு, கிரீஸ் எல்லாவற்றையும் துடைத்து எடுக்க வேண்டும். ஒரு சிட்டிகை மண் உள்ளே விழுந்தாலும் புது ரிங்ஸை அது அரம் போல் ராவிவிடும். ஹெட் நட்டுகளை ஒரே பக்கமாகக் கழற்றாமல், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். இல்லையேல் ஹெட் வளைந்துவிடும். சிலிண்டரை நேராக மேலே தூக்க வேண்டும். திருகித் திருகி இழுத்தால் ரிங் முனை உள்ளே இருக்கும் வாய்களில் மாட்டி உடையும்.

சிலிண்டர் மேலே வந்ததும் கீழே ஒரு ஓட்டை தெரியும், அதற்குள்தான் கிராங் இருக்கிறது. பெரியவர் உடனே சுத்தமான சீலைத் துண்டொன்றை அதற்குள் அடைத்தார். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சேர்க்ளிப் என்ற சின்னக் கம்பி துள்ளி உள்ளே விழுந்தால் எஞ்சினை முழுதாகப் பிளக்க வேண்டி வரும். "இந்தச் சீலத் துண்டு பத்துக் காசு பெறாது, ஆனா இது இல்லாட்டி ஒரு மாசச் சம்பளம் போயிரும்" என்றார்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். கிராங்கைத் திரும்பாமல் பிடித்துக்கொண்டு, பிஸ்டனைத் தாங்கும் கொன்ரொட்டை நேர் மேலும் கீழுமாக இழுத்துத் தள்ளிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் அசைந்தால் பரவாயில்லை. மேலும் கீழும் 'டக் டக்' என்று ஆட்டம் இருந்தால் கீழ்ப் பெயரிங் போய்விட்டது என்று பொருள். அந்த நிலையில் புது பிஸ்டன், ரிங்ஸ், போர் வேலை எது செய்தாலும் பணம் தண்ணீரில் போட்டதுதான். கிராங்கை வெளியே எடுத்து வேலை செய்தாக வேண்டும். அது பெரிய செலவு, அதைச் செய்வதா, வண்டியை விடுவதா என்று வீட்டில் பேசித் தீர்மானிக்க வேண்டிய இடம் இதுதான். ஆகவே கராஜுக்குக் கொடுத்தால் சிலிண்டரைக் கழற்றியதும் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். உங்கள் முன்னாலேயே கொன்ரொட்டை ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல பாஸ் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். நமது அம்மாவின் வண்டியில் நல்ல வேளையாக ஆட்டம் இருக்கவில்லை.

ஏன் ரிங்ஸ் நிற்கவில்லை

அப்படியானால் இரண்டு தடவை புது ரிங்ஸ் போட்டும் ஏன் நிற்கவில்லை? சிலிண்டரின் உட்சுவரில் கை விரலை விட்டு மேலிருந்து கீழாகத் தடவிப் பார்க்கச் சொன்னார். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு படி போல நகத்தில் தட்டியது. ரிங் ஓடித் தேய்த்த இடம் அது. சிலிண்டர் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகவும், மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் தேய்ந்திருந்தால், புது ரிங்கைப் போடுவது ஓட்டைச் சட்டிக்குப் புது மூடி போடுவது போலாகும். கொஞ்ச நாள் இறுக்கம் காட்டும், பிறகு பழையபடி ஆகிவிடும்.

இதை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஃபீலர் கேஜ் ஒன்றும் புது ரிங் ஒன்றும் போதும். ரிங்கைப் பிஸ்டனில் மாட்டாமல் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் சரிமட்டமாகத் தள்ளிவிட்டு, ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். முதலில் சிலிண்டரின் அடியில், ரிங் போகாத இடத்தில் அளந்தார், 0.30 மில்லி மீற்றர். பிறகு மேலே தேய்ந்த இடத்தில் அளந்தார், 0.78. வித்தியாசம் 0.48. இதை 3.14ஆல் வகுத்தால் சிலிண்டர் எவ்வளவு அகன்றிருக்கிறது என்று வரும். பள்ளிக்கூடத்தில் படித்த வட்டக் கணக்குத்தான். விடை ஏறக்குறைய 0.15 மில்லி மீற்றர். நூலைவிட மெல்லிய அளவு என்று தோன்றும். ஆனால் பாஸ்மார் பொதுவாக 0.10ஐத் தாண்டினாலே போர் அடிக்கச் சொல்வார்கள். மேட்டில் வண்டி நின்றதற்குக் காரணம் அந்த நூலளவுதான். கராஜில் இந்த ஐந்து நிமிட அளவை முதலாவது தடவையே எடுத்திருந்தால் இரண்டு செட் ரிங்ஸின் காசும், ஓட்டம் இல்லாமல் போன நாட்களும் அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சியிருக்கும்.

லேத் கடையில்

போர் அடிப்பது என்றால் தேய்ந்த சிலிண்டரை லேத் கடையில் சற்றுப் பெரிதாக உருண்டையாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. பஜாஜ் டூ-ஸ்ட்ரோக் ஓட்டோவின் சிலிண்டர் 57 மில்லி மீற்றர் அகலம், பிஸ்டன் போய்வரும் தூரமும் 57. இதைக் கணக்குப் பார்த்தால்தான் 145.45 சீ.சீ. என்று வருகிறது. பெரிய பிஸ்டன்கள் பொதுவாக 0.25, 0.50 என்று கால் மில்லி மீற்றர் படிகளாகக் கிடைக்கும். கடைக்காரர்கள் 25 சைஸ், 50 சைஸ் என்பார்கள். உங்கள் சிலிண்டர் ஏற்கெனவே எத்தனை தடவை கடையப்பட்டிருக்கிறது என்பது பழைய பிஸ்டன் தலையிலேயே அடித்திருக்கும், பாருங்கள். கடைசி சைஸ் வரை போய்விட்டால் சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். முதலில் பிஸ்டனை வாங்கி, அந்தப் பிஸ்டனை லேத் கடைக்குக் கொண்டுபோய், அதன் அளவுக்குத்தான் சிலிண்டரைக் கடைய வேண்டும். போரை அடித்துவிட்டு அதன் பிறகு பிஸ்டன் தேடுவது சட்டையைத் தைத்துவிட்டு ஆளைத் தேடுவது மாதிரி. பிஸ்டனுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதைப் பிஸ்டன் பெட்டியிலோ தயாரிப்பாளரின் குறிப்பிலோ உள்ளபடி விட வேண்டும். இறுக்கமாக விட்டால் 'டைட்டா இருக்கு, நல்லது' என்று சிலர் நினைப்பார்கள். பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும், அதுதான் சீஸ் ஆவது. கடைந்த பிறகு உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் விழும்படி ஹோன் பண்ண வேண்டும், ஒயில் தங்குவது அந்தக் கீறலில்தான். வாய்களின் கூரான விளிம்பையும் லேசாக மழுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரிங் அதில் தட்டி உடையும். கடையில் எந்த சைஸ் என்று ஒரு துண்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் வண்டிக்கு 25 சைஸில் கடைந்தால் கீறல் முழுதாகப் போகாது என்று 50க்குக் கடைந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பெரியவர் அந்தச் சிலிண்டரைச் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுப் பானை தேய்ப்பது போலத் தேய்த்தார். நமக்கு ஆச்சரியமாக இருந்தது. பெற்றோலில் கழுவினால் ஒயில்தான் போகும், ஹோன் பண்ணிய தூள் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார். வெள்ளைச் சீலையால் துடைத்து, சீலை வெள்ளையாகவே வரும்வரை கழுவிவிட்டு, உடனே ஒயில் பூசினார். நமது பக்கத்து ஈரத்துக்கு ஒரு மணித்தியாலம் விட்டாலும் துரு பிடித்துவிடும்.

பூட்டும்போது பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி புகை போகும் வாயைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் காடியில் இருக்கும் சின்ன ஆணியோடு ரிங் முனைகள் பொருந்தி நிற்க வேண்டும். சேர்க்ளிப்பும் கேஸ்கட்டும் கட்டாயம் புதிது. பழைய சேர்க்ளிப்பை மறுபடி போட்டு, அது ஓட்டத்தில் கழன்று புது சிலிண்டரைக் கிழித்த கதைகள் உண்டு.

நோய்க்குக் காரணம்

பிஸ்டனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எஞ்சின் எதனால் கெட்டது என்பது தெரியும். புகை வாய்ப் பக்கம் மட்டும் ஆழமாகக் கீறியிருந்தால் அளவுக்கு மிஞ்சிய சூடு. சுற்றிலும் கீறியிருந்தால் ஒயில் போதாமை. கீறல் இல்லாமல் மினுமினுப்பு மங்கிச் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருந்தால் தூசி. காரணத்தைத் திருத்தாமல் பிஸ்டனை மாற்றினால் புதுப் பிஸ்டனுக்கும் அதே கதிதான்.

இந்த வண்டியில் புகை வாய்ப் பக்கம்தான் கீறல். காரணம் கண் முன்னாலேயே இருந்தது. எஞ்சினை மூடியிருக்கும் தகரக் கவரைக் கழற்றி லயத்துக் கூரையில் போட்டு வைத்திருந்தார் மகன். "காத்துப் பட்டா எஞ்சின் கூலா இருக்கும்னு ஒருத்தர் சொன்னாருங்க" என்றார். பலர் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஓட்டோவின் எஞ்சின் மோட்டார் சைக்கிள் போல முன்னால் காற்றில் நிற்பதில்லை. பின்னால் பெட்டிக்குள் இருக்கிறது. அதற்கென்று ஒரு விசிறி இருக்கிறது, அந்த விசிறியின் காற்றைச் சிலிண்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அந்தக் கவர்தான். கவர் இல்லாவிட்டால் விசிறி சும்மா சுற்றும். அதிலும் மேட்டில் முதல் கியரில் ஊர்ந்து போகும்போது வெளிக்காற்றும் கிடையாது. சிலிண்டர் செதில்களுக்கு நடுவே சேறு அடைத்திருந்தாலும் இதே கேடுதான். இதைவிடக் கார்புரேட்டர் பூட்டும் இடத்தின் கேஸ்கட்டும் கிழிந்திருந்தது. அதன் வழியே காற்றுப் புகுந்து கலவை மெலிந்து சூட்டை இன்னும் கூட்டியிருக்கிறது.

ஒயில் கலக்கும் விஷயம். வண்டிப் புத்தகத்தில் சொன்ன விகிதத்தை மட்டும் கலக்குங்கள். 2 சதவீதம் என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லி லீற்றர், 3 சதவீதம் என்றால் 30. பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் மூடியால் அளக்கலாம், பிறகு அந்த மூடியை மருந்துக்குப் பாவிக்க வேண்டாம். தாங்கிக்குள் தனித்தனியாக ஊற்றாமல் ஒரு கானில் கலக்கிக் குலுக்கி ஊற்றுங்கள். பாவித்த எஞ்சின் ஒயிலைக் கலப்பதை அடியோடு விடுங்கள்.

இனி நமது மலைப் பாதைக்கே உரிய ஒன்று. பெற்றோல் போனால்தான் ஒயில் போகும் என்று மேலே சொன்னோம். நீண்ட இறக்கத்தில் எக்ஸலேட்டரை முழுதாக மூடிவிட்டு கியரிலேயே வண்டியை விடும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பெற்றோல் ஏறக்குறைய போவதில்லை, ஆகவே ஒயிலும் இல்லை. மேட்டில் கொதித்த எஞ்சின் இறக்கத்தில் காய்ந்து சீஸ் ஆவது இப்படித்தான். அதற்காக நியூட்ரலில் விட்டுவிடாதீர்கள், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் வண்டியோடு ஆளும் போய்விடுவார். கியரிலேயே இறங்குங்கள், சில விநாடிகளுக்கு ஒரு தடவை எக்ஸலேட்டரைக் கொஞ்சம் திறந்து மூடுங்கள். அந்த ஒரு முறுக்கலில் போகிற பெற்றோலோடு ஒயிலும் போய்ச் சேரும்.

லயத்தில் இந்த வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. அடுப்பு எரியும் இடத்துக்குப் பக்கத்தில் பெற்றோலில் சாமான் கழுவ வேண்டாம், லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ ஒரு காம்பராவோடு நிற்பதில்லை. மழைக்கு ஒதுங்கி மூடிய கொட்டிலுக்குள் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கவும் வேண்டாம், அந்தப் புகையில் உள்ள விஷ வாயு மணமில்லாமல் ஆளை மயக்கும்.

புது எஞ்சினைப் பழக்குதல்

புது ரிங்ஸும் புதுச் சுவரும் ஒன்றுக்கொன்று பழகும் வரை, ஏறக்குறைய 500 கிலோமீற்றர், வண்டியைப் பதமாக ஓட்ட வேண்டும். எக்ஸலேட்டரை முழுதாக முறுக்கக் கூடாது, ஒரே வேகத்திலும் நெடுநேரம் ஓடக் கூடாது. மேட்டில் திணறவிடாமல் நேரத்தோடு கியரைக் குறைக்க வேண்டும். முதல் தடவை சூடாகி, முழுதாக ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி குறுக்கு மூலையாக இறுக்கிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுக் கேஸ்கட் கசிந்தவர்கள் அநேகம்.

மருந்து அடிக்கும் மிஷின், புல் வெட்டும் மிஷின் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும், அவற்றிலும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பல. ஆனால் அவற்றின் அலுமினியச் சிலிண்டர்கள் பலவற்றில் உட்சுவருக்குக் கடினமான பூச்சு இருக்கும், அவற்றைப் போர் அடிக்க முடியாது. பூச்சு உரிந்தால் சிலிண்டரையும் பிஸ்டனையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அம்மாவின் ஓட்டோ இப்போது ஓடுகிறது. கவரை மகனே கூரையிலிருந்து இறக்கி, தட்டி நிமிர்த்திப் பூட்டியிருக்கிறார். கண்ணாடியில் 500 என்று எழுதி ஒட்டியிருக்கிறார், நாம் கடைசியாகப் பார்த்தபோது 310 ஆகியிருந்தது. கிளினிக்குக்குப் போகும் அம்மாவைத்தான் ஏற்றுகிறாராம். அரிசி மூட்டை ஏற்றச் சொல்லிக் கடைக்காரர் கேட்டதற்கு, "இன்னும் நூத்தித் தொண்ணூறு இருக்குங்க அண்ணே, அதுக்கப்புறம் வர்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.